பனியன் போட்ட சுரைக்காய்

சின்ன வயதில் எங்கள் சித்தப்பாவுக்கு நான் வைத்திருந்த பெயர் தின்னிப்பண்டாரம். வாய்விட்டுச் சொன்னால் அம்மா முதுகில் வைப்பாள் என்பதால் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்வேன். ஒரே ஒரு மத்தியானத்தில், ஒரு சட்டி சுரைக்காய்க் கூட்டினால் அவர் சம்பாதித்த பெயர் அது.

அப்போது எனக்கு எட்டு வயது. திருப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பனியன் துணி பின்னும் மிஷின் இரண்டை அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவருக்குக் கல்யாணமாகி, குண்டடம் பக்கமிருந்து சித்தி வந்த மாதமே மிஷின் ஒன்று உடைந்தது. அடுத்த மாதம் கன்றுக்குட்டி செத்தது. அப்பா கெட்டவர் இல்லை. முருகனை எவ்வளவு நம்பினாரோ அவ்வளவு சகுனத்தையும் நம்பினார், அவ்வளவுதான்.

"வந்த காலு சரியில்லைன்னு நாஞ் சொல்லல தம்பி. கொஞ்ச நாளைக்கு அவிய அம்மா ஊட்ல இருந்துட்டு வரட்டும்னுதான் சொல்றேன்" என்று ஒருநாள் சித்தப்பாவிடம் சொன்னார். அடுப்படியில் இருந்த சித்திக்கும் அது கேட்டது. அதற்கு முன்னால் அப்படிக் கொஞ்ச நாளைக்கென்று போன வேறொரு வீட்டு மருமகள் எங்கள் தெருவுக்குத் திரும்பி வரவேயில்லை. அண்ணனை எதிர்த்துப் பேசிச் சித்தப்பாவுக்குப் பழக்கமில்லை.

சித்தி பிறந்த வீட்டிலிருந்து சுரை விதை கொண்டுவந்திருந்தாள். அதைக் கொட்டகை ஓரம் ஊன்றிக் கூரைமேல் ஏற்றிவிட்டாள். கொடி என்னவோ தளதளவென்று படர்ந்தது. ஆனால் பூவெல்லாம் உதிர்ந்து, கடைசியில் ஒரே ஒரு பிஞ்சுதான் நின்றது. அப்பாவே மிஷினை நிறுத்திவிட்டு வந்து அண்ணாந்து பார்த்தார். "கிருத்திகைக்கு மொதல் காய முருகனுக்குப் படைச்சுப் பார்ப்போம். அவன் என்ன சொல்றானோ அது" என்றார். சித்தி இருப்பதும் போவதும் அந்தக் காயைப் பொறுத்தது என்றாகிவிட்டது.

யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதென்று சித்தப்பா கட்டிங் வேஸ்ட் துணி கொண்டுவந்து, காய்க்கு ஒரு பனியன் தைத்துப் போட்டார். சும்மா சுற்றிக் கட்டவில்லை. கழுத்துப் பட்டியெல்லாம் வைத்த அசல் பனியன்! காய் பெருக்கப் பெருக்க அடுத்த சைஸ் மாற்றினார். எனக்கும் சித்திக்கும் காலையில் எழுந்ததும் அதைப் போய்ப் பார்ப்பதுதான் முதல் வேலை.

கிருத்திகை வந்தது. சுரையோ பீர்க்கோ வெள்ளரியோ, எதை அரிந்தாலும் அம்மா ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டியில் போடுவாள். கசந்தால் குப்பைக்குழிதான், மாட்டுக்குக்கூடக் காட்டமாட்டாள். அன்றைக்கு மட்டும் யாரும் வாயில் வைக்கவில்லை. சாமிக்குப் படைக்கும் முன்னால் எச்சில் பண்ணலாமா? சித்தி ஒரு சொட்டுகூட நாக்கில் படாமல் கூட்டுச் சமைத்து இறக்கினாள். தேங்காயும் சீரகமும் மணந்த மணத்தில் எனக்கு வாயூறியது. அப்பா சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போயிருந்தார், விரதம், வந்துதான் சாப்பிடுவார். அம்மா படையல் போட்டுக் கற்பூரம் காட்டினாள்.

கம்பெனியில் மத்தியானச் சங்கு ஊதியதும் சித்தப்பா சாப்பிட வந்தார். அவருக்குப் பக்கத்தில் நான். சித்தி இரண்டு பேருக்கும் கூட்டு வைத்துவிட்டு, முந்தானையைத் திருகிக்கொண்டு கதவோரம் நின்றாள். சித்தப்பா ஒரு வாய் வைத்தார். மெல்லுவது நின்றது. சித்தியைப் பார்த்தார்.

"அண்ணி, அண்ணன் எப்ப வருவாருங்க?"

"இப்ப வர்ற நேரந்தானுங்க தம்பி" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். என் தட்டிலிருந்த கூட்டை அப்படியே வழித்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். "உனக்குச் சளி புடிச்சிருக்குது கண்ணு. சுரக்கா குளிர்ச்சி, ஆகாது" என்றார். எனக்கா சளி? அடப்பாவி! அதோடு விட்டாரா? சட்டியையே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். சாமிக்குப் படைத்த இலையில் இருந்ததையும் விடவில்லை. நெற்றியில் வியர்வை வழிய, நடுநடுவே தண்ணீரைக் குடித்துக் குடித்து, கடைசித் துண்டு வரைக்கும் தின்று தீர்த்தார்.

"ஏந்தம்பி, உங்கண்ணனுக்கு ஒரு கரண்டி வெக்க வேண்டாமுங்களா?" என்று அம்மா வாய்மேல் கைவைத்தாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க அண்ணி. கையி நிக்கல."

நான் ஓவென்று அழுதேன். முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்று, "சித்தப்பாவுக்கு வயிறு வலிக்கோணும் சாமி" என்று மனுப்போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே சித்தி கழுவப் போட்ட சட்டியை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். வைத்தவள் அப்படியே துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாவம், அவளுக்கும் மிச்சம் வைக்கவில்லையே! எனக்கு மனசு தாங்கவில்லை. "அழுகாதீங்க சித்தி. அடுத்த காய நாம ரெண்டு பேரும் ஒளிச்சு வெச்சுத் திங்கலாம்" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள்.

அப்பா வந்ததும் அம்மா கொழுந்தனின் லட்சணத்தைச் சொன்னாள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். மிஷின் உடைந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "அத்தன ருசியா? சரி, முருகன் சொல்லிட்டான்" என்றார். சித்தியை அனுப்புகிற பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் சித்தப்பாவைக் கம்பெனியிலிருந்து ஜட்கா வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். வாந்தியும் பேதியுமாக ஆள் துவண்டு கிடந்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். கம்பெனி வாசலில் தின்ற போண்டாதான் காரணம் என்று அவர் சாதித்தார். அப்பா போய்ப் போண்டாக்காரரோடு சண்டை போட, அவர் எண்ணெய்ச் சட்டிமேல் அடித்துச் சத்தியம் செய்தாராம். எனக்கல்லவா உண்மை தெரியும், எல்லாம் என் மனு செய்த வேலை! பயந்துபோய் ரொம்ப நாளைக்கு முருகனிடம் எதையுமே கேட்காமல் இருந்தேன். சித்தப்பா வீடு திரும்புவதற்குள் சித்தி கொடியைப் பிடுங்கிப் போட்டிருந்தாள். வேர் அழுகிவிட்டதாம்.

எனக்கென்று வீடும் தோட்டமும் வந்தபின் ஒருநாள், நானே விதை எடுத்து வளர்த்த சுரையை அரிந்து, அம்மா மாதிரி நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். ஐயோ, அந்தக் கசப்பு! துப்பிவிட்டு வெல்லத்தை வாயில் அடக்கியும் சாயங்காலம் வரை விடவில்லை. வேலியில் பேய்ச்சுரை பூத்திருந்தால் தேனீ இரண்டின் மகரந்தத்தையும் கலந்துவிடும், அந்த விதையில் வருகிற காய் விஷம், வேகவைத்தாலும் போகாது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னார். நகக்கண் அளவுக்கே எனக்கு இந்தப் பாடு. சித்தப்பா ஒரு சட்டி தின்றிருக்கிறார். சட்டியைக் கையில் பிடித்தபடியே அழுதேன்.

அந்தக் காலத்தில், சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, கிருத்திகைதோறும் சித்தி ஒன்று செய்வாள். படையலுக்கு எடுத்து வைக்கும் முன்னால், சாமி படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, ஒவ்வொரு சட்டியிலிருந்தும் ஒரு துளி எடுத்து வாயில் வைத்துக்கொள்வாள். நான் பார்த்துவிட்டேன், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவை ஏமாந்தவள், இனிமேல் அந்தத் தின்னிப்பண்டாரம் வருவதற்குள் தன் பங்கை எடுத்துக்கொள்கிறாள், கெட்டிக்காரி என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டேன்.