சவிரிமுத்துவுக்குக் கொடுத்த பூசை

என் மன்றாட்டை ஆண்டவர் கேட்டார் என்று சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன். ஆனால் நான் மன்றாடியது நல்லதுக்காக அல்ல. ஒரு மனிதன் அழியவேண்டும் என்று மன்றாடினேன்.

நாங்கள் நெடுந்தீவு. என் கணவர் சூசை கடற்றொழில் செய்கிறவர். போன சோளகக் காற்றுக் காலத்தில் நடுக்கடலில் அவருடைய வள்ளத்தின் எஞ்சின் நின்றுவிட்டது. பக்கத்தில் தன் வள்ளத்தில் நின்ற எங்கள் ஊர்ச் சவிரிமுத்து கயிறு கட்டி இழுத்து வந்தார். திடீரென்று காற்று கூடிக் கடல் எழும்பியதும், கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்டினார். என் கணவர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். அவருடைய வள்ளம் கடற்பாறையில் மோதிச் சிதறியது. அவரைப் புங்குடுதீவுக் கடற்றொழிலாளிகள் தூக்கிக் காப்பாற்றினார்கள்.

அவர் கரை சேர்வதற்குள் சவிரிமுத்து வேறு கதை சொல்லி முடித்திருந்தார். சூசை போட்ட முடிச்சு கழன்றுவிட்டதாம். வெட்டுப்பட்ட கயிறு சிதறிய வள்ளத்தோடு கடலுக்குள் போய்விட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. முடிச்சுப் போடத் தெரியாதவனை யார் தன் வள்ளத்தில் ஏற்றுவான்? ஒருவரும் கூப்பிடவில்லை. சின்ன வயதில் இருந்து கடலே கதியென்று கிடந்த மனிதர் முற்றத்தில் குந்திக்கொண்டு ஆடு பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது.

ஞாயிறுதோறும் சவிரிமுத்து கோயிலில் முன்வரிசையில் நிற்பார். பூசை முழுக்க அவருடைய பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பொய் சொன்ன வாய்க்கா நற்கருணை என்று ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். அவன் வலை வெறுமையாக வரட்டும், அவன் என் வாசலில் கூனிக்குறுகி நிற்கட்டும் என்று ஒவ்வொரு நாளும் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய வலையில் மீன் அள்ளிக்கொண்டு பட்டது.

செய்வினை செய்யச் சிலர் புத்தி சொன்னார்கள். அது பாவம். நான் ஞானஸ்நானம் பெற்றவள். முறையாகவே போவோம் என்று எங்கள் பங்குச் சுவாமியிடம் போய், சவிரிமுத்துவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னேன். பூசையை விடப் பலமான மன்றாட்டு இல்லை என்றுதானே படித்திருக்கிறோம். என்ன கருத்துக்கு, எதை வேண்டி என்று சுவாமி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிறு பூசை தொடங்கும்போது சுவாமி அறிவித்தார், சூசையின் மனைவி றோசா இன்றைய பூசையைச் சவிரிமுத்துவுக்காக ஒப்புக்கொடுக்கிறார் என்று. கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. சவிரிமுத்துவும் திரும்பினார். நான் முறைத்தேன். அன்று அவர் நற்கருணை வாங்க எழும்பவில்லை. வேலை தொடங்கிவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

பின்னேரம் எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் கேட்டபடியே, கூனிக்குறுகி. இருக்கக் கதிரைகூடக் கொடுக்கவில்லை நான்.

"தங்கச்சி, கயித்தை நான்தான் வெட்டினனான். என்ர வள்ளமும் தாழப்போகுது எண்டு பயந்திட்டன்."

அதைக் கேட்டும் என் ஆத்திரம் அடங்கவில்லை. நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்து வந்திருக்கிறார், அந்த நிம்மதியையும் பறிக்கவேண்டும் போல இருந்தது. என்றைக்கும் 'நீங்கள்' என்று கதைத்த மனிதரை அன்று 'நீர்' என்றேன்.

"உமக்கு நல்லது கேட்டுப் பூசை குடுக்கேல்லை. நீர் அழியவேணும் எண்டுதான் குடுத்தனான்."

"ஓம், உம்மட முகத்தில தெரிஞ்சது. ஆனா பூசையில சுவாமி அப்பத்தைத் தூக்கேக்க எனக்காகத்தானே தூக்கினவர்."

பூசையில் ஒப்புக்கொடுப்பது ஆண்டவர் சிலுவையில் கொடுத்த அதே பலிதானே. கல்வாரியில் சிந்திய இரத்தத்தை வைத்து ஒருவனை அழிக்கப் பார்த்திருக்கிறேன். அது அவனுக்காகவும் சிந்திய இரத்தம். என் சொல்லை அது எப்படிக் கேட்கும்?

மறுநாள் காலை, வள்ளங்கள் வந்து சேரும் துறையில் எல்லோருக்கும் முன்னால் சவிரிமுத்து உண்மையைச் சொன்னார். என் கணவரின் நல்ல பெயர் திரும்பி வந்தது. தொழிலுக்கும் கூப்பிட்டார்கள். அவர் போய் ஏறியது சவிரிமுத்துவின் வள்ளத்தில். எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. இன்றைக்கும் அந்த மனிதரைக் கண்டால் எனக்கு எரியும்.

ஆனால் ஆண்டவர் தன்னைப் பாதியாகக் கொடுக்கவில்லை. நான் மட்டும் நல்ல பக்கத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய், ஆத்திரத்தை வீட்டில் பூட்டி வைப்பது சரியில்லை. உங்களுக்கும் வாயில் எடுக்கப் பிடிக்காத ஒரு பெயர் இருக்கும். கோபம் ஆறட்டும் என்று காத்திராதீர்கள். கோபத்தோடேயே அதைப் பீடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

நான் இப்போதும் சவிரிமுத்துவுக்காகப் பூசை கொடுக்கிறேன், கருத்தையும் சொல்லியே கொடுக்கிறேன். அவருடைய வள்ளம் சுகமாகக் கரை சேரவேண்டும். என் மனுசனும் அதில்தான் இருக்கிறார். அரை மனதோடு கேட்க எனக்கு வழியே இல்லை.