அப்பா திருப்பி அடித்த ஓட்டல்

என் கல்யாண வரவேற்புக்குத் தஞ்சாவூரின் இரண்டு பழைய ஓட்டல்களில் ஒன்றை அப்பா தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இரண்டிலும் அவருடைய ரத்தம் சிந்தியிருக்கிறது.

ஒன்று வடவாற்றங்கரை பங்களா. ஒரு மிராசுதாரின் டவுன் வீடு. இப்போது பாரம்பரிய விடுதி. அப்பா ஐயாவு, பாபநாசம் பக்கத்தில் அந்த மிராசுதார் குடும்பத்தின் பண்ணையாள். மீசை முளைக்காத வயதில் நெல் மூட்டை இறக்க அங்கே வந்தார். பண்ணையாட்களுக்குத் தண்ணீர் கொட்டாங்குச்சியில்தான். தாகத்தில் வாசலில் இருந்த பித்தளைச் சொம்பை எடுத்துக் குடித்துவிட்டார். முன்கட்டுத் தேக்குத் தூணில் கட்டிச் சவுக்கால் அடித்தார்கள். மயங்கியதும் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள்.

இன்னொன்று ரயிலடி ஓட்டல். சில வருடம் கழித்து, விவசாயச் சங்கத்துத் தோழர்களோடு போய்ப் பளிங்கு மேஜையில் உட்கார்ந்தார். மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். இவர்களுக்கு நசுங்கிய அலுமினியக் குவளை. அப்பா சூடான டீயைப் பரிமாறியவன் முகத்தில் வீசினார். அவன் முக்காலியால் அப்பாவின் நெற்றியைப் பிளந்தான். அதே முக்காலியைப் பிடுங்கி, தடுக்க வந்த கல்லாக்காரரின் முன்கையை அப்பா முறித்தார். லாக்கப்பிலும் உதை. அலுமினியக் குவளை அதன்பின் அங்கே வரவில்லை.

பிறகு கூலி, குத்தகை, கொஞ்சம் சொந்த நிலம். என்னைக் கட்டடப் பொறியாளராக்கினார். அவர் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை, பங்களாவுக்குப் போகும்வரை.

மாப்பிள்ளையின் அம்மா செந்தாமரைக்குப் பங்களாதான் பிடித்திருந்தது. "போட்டோவுக்கு அந்தத் தூணு ஒண்ணு போதும் சம்பந்தி. ஒரு தடவ பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க."

"பாப்போம். எனக்கென்ன பயமா?" என்றார் அப்பா.

மூவரும் பங்களாவுக்குப் போனோம். தூணில் செவ்வந்தி சுற்றியிருந்தார்கள். அப்பா அதைத் தொடவில்லை. மேலாளர் ஃபாஜில், என் வயதுதான், தட்டோடு வந்தார்.

"வாங்கய்யா. பானகம் எடுத்துக்குங்க. நம்ம ஊர் ஸ்டைல்."

மெருகேற்றிய கொட்டாங்குச்சி.

அப்பா அதை எடுத்து அவர் வாயிலேயே அறைந்தார். ஓடு பிளந்து உதடு கிழிந்தது. காவலாளி அப்பாவின் கழுத்தைப் பிடித்து அந்தத் தூணிலேயே மோதினான். நான் அவன் கையைக் கடித்தேன். விட்டான்.

"நான் என்னய்யா தப்புப் பண்ணேன்?" ஃபாஜிலின் சட்டை நனைந்திருந்தது.

அப்பா தன் துண்டை அவர் உதட்டில் வைத்து அழுத்தினார். "ஒன்ன இல்ல தம்பி."

"பழசையெல்லாம் இன்னுமா சொமந்துகிட்டுத் திரியிறீங்க?" என்றார் செந்தாமரை.

"நானா சொமக்குறேன்? முதுகுல கெடக்கு."

திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்: "ரயிலடி ஓட்டலே போதும்மா. இங்க கட்டி வச்சு அடிச்சானுவ. அங்க நான் திருப்பி அடிச்சேன்."

ரயிலடி ஓட்டல் மண்டபத்தைப் பேசி முடிக்க மொபெட்டில் கிளம்பியவரைப் பாபநாசம் ரோட்டில் நெல் லாரி அடித்தது. பிணவறையில் அடையாளம் காட்ட முகம் இல்லை.

"புரட்டிப் போடுங்க" என்றேன்.

முதுகை லாரி தொடவில்லை. சவுக்குத் தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக அப்படியே இருந்தன. அப்பாதான்.

கருமாதி முடிந்து செந்தாமரை வந்தார். துக்கம் நடந்த வீட்டில் ஆண்டு திரும்புவதற்குள் கல்யாணத்தை முடிப்பது வழக்கம்.

"தேதிய மாத்த வேணாம்மா. அவரே போயிட்டாரு. பங்களாவுலயே வச்சுக்கலாமே? இனி யாருக்கு என்ன?"

"எனக்கு. ரயிலடி ஓட்டல்தான், அத்தை. இல்லேன்னா கல்யாணமே வேணாம்."

"அப்படியே அப்பன்" என்றார். நான் கை ஓங்குவேன் என்று நினைத்தாரோ என்னவோ, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு, "அங்க ஏசியாவது இருக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் நானே போனேன். பளிங்கு மேஜை இன்னும் இருக்கிறது. உட்கார்ந்தேன். டீ கண்ணாடி கிளாசில் வந்தது. கொதித்தது. கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.