உதட்டில் வைத்த செம்மண்

மேலுதட்டின் வலது ஓரத்தில் குறுகுறுவென்று ஏதோ ஊரும். மறுநாள் காலையில் அங்கே நீர்க்கொப்புளங்கள் கொத்தாக நிற்கும். பதினைந்து வருடமாக, ஆண்டுக்கு நாலைந்து தடவை இதே கூத்து. தாராவியில் நான் வேலை பார்க்கும் தோல்பைப் பட்டறையில் என் தம்ளரை யாரும் தொடமாட்டார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

என் மனைவி பேச்சிக்கு ஏழாம் மாதம் நடந்தபோதுதான் பயம் வந்தது. ஒன்பது வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை. அவளைப் பரிசோதித்த டாக்டர் என் உதட்டுத் தழும்பைப் பார்த்து விசாரித்தார். இது ஹெர்பிஸ் (நரம்பில் ஒளிந்திருந்து அவ்வப்போது தலைகாட்டும் வைரஸ் தொற்று). பெரியவர்களுக்குத் தொல்லை, பச்சைப்பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து. புண் இருக்கும்போது பிள்ளையை முத்தமிடவே கூடாது என்றார்.

செம்பூரில் ஒரு மருத்துவமனையில், செடியிலிருந்து பிரித்தெடுத்த பொருளைக் களிம்பாக்கி இந்த வைரஸுக்குச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நானும் பெயர் கொடுத்தேன். அங்கிருந்த வசுதா டாக்டர் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப்பெண். குறுகுறுப்பு தொடங்கியதும் வரவேண்டும், வேறெதையும் தடவக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார்.

குறுகுறுப்பு வந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் என் அக்கா முந்திக்கொண்டாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அக்கிக் கொப்புளம் கண்டால் பானை செய்பவரிடம் போய்க் காவிமண்ணால் அதன்மேல் எழுதிக்கொள்வார்கள். தாராவியிலும்தான் குயவர் தெருவான கும்பார்வாடா இருக்கிறதே என்று என்னை இழுத்துப் போனாள். அங்கிருந்த குஜராத்திக் குயவருக்கு அக்கியும் தெரியாது, எழுதவும் தெரியாது. தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அக்கா அவரை ஒரு வழி பண்ணினாள். அவர் பாவம், திலகம் வைப்பதுபோல என் உதட்டில் செம்மண்ணை வைத்துவிட்டார்.

"ஏல, மண்ணும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும். எது கேட்டாலும் நமக்கு நல்லதுதான?" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வசுதா டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

"இது ஆறினா நான் என்னன்னு எழுதறது? மண்ணாலயா, மருந்தாலயா? இந்தத் தடவை சேர்த்துக்க முடியாது. அடுத்த தடவை வெறும் உதட்டோட வாங்கோ."

வழக்கமான மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார். பதினைந்து வருடம் வராதே வராதே என்றபோதெல்லாம் வந்த சனியன், இப்போது வா என்றால் வரவில்லை. பிள்ளை பிறப்பதற்குள் வந்து தொலைத்துவிட்டுப் போகட்டும் என்று தினமும் உதட்டைத் தடவிப் பார்த்தேன்.

வந்தது, மகள் பிறந்த அன்றைக்கே.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவளைப் பார்த்தேன். அழுதேன், அதைச் சொல்ல என்ன வெட்கம். நேரே செம்பூருக்கு ஓடினேன். எண் மட்டும் ஒட்டிய ஒரு குழாய் தந்தார்கள். உள்ளே இருப்பது செடிமருந்தா, போலி மருந்தா (மருந்துச் சரக்கு இல்லாத வெறும் களிம்பு) என்று தனக்கே தெரியாது என்றார் டாக்டர்.

புண் ஆறும்வரை அக்கா வீட்டில்தான் படுக்கை. களிம்பு தடவும்போது அக்கா தள்ளியே நிற்பாள். பேச்சி வீடியோ காலில் பிள்ளையைக் காட்டுவாள்.

"ஏங்க, இவ உங்களப் போலவே உதட்டச் சுழிக்கா பாருங்க."

எட்டாம் நாள் வசுதா டாக்டர் மறுபடி டார்ச் அடித்தார். பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் வந்திருந்தது. தாராளமாகத் தூக்கலாம், முத்தத்தைக் காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார்.

எனக்குக் கிடைத்தது எதுவென்று சோதனை முழுதும் முடிந்தால்தான் தெரியும். இதைப் படித்துவிட்டு இலையை அரைத்து உதட்டில் அப்பாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு அக்கா இருப்பாள், அதனால் சொல்கிறேன்.

வைரஸ் இன்னும் என் நரம்பில்தான் தூங்குகிறது. மறுபடி வரும், வரட்டும். முன்பெல்லாம் உதடு என்று ஒன்று இருப்பதே புண் வந்தால்தான் ஞாபகம் வரும். இப்போது தினமும் விடிந்ததும் கண்ணாடி பார்க்கிறேன். உதடு சுத்தமாக இருந்தால் அன்றைய நாள் எனக்குக் கிடைத்துவிட்டது.

இன்று சுத்தமாக இருந்தது. மகளின் உள்ளங்காலில் உதட்டை வைத்தேன். மூக்கிலேயே ஒரு உதை விட்டாள்.