மீட்டருக்கு உச்சிவேளை ஓய்வு

ஆபீசிலிருந்து வந்த வெயில் வரைபடத்தில் சூரியன் ஒழுங்காகக் காலையில் ஏறி, உச்சியை நெருங்கும்போது சட்டென்று காணாமல் போயிருந்தது. பிற்பகலில் ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி வந்து, மிச்ச வேலையை முடித்துவிட்டு இறங்கியிருந்தது. சித்திரை தொடங்கி ஒரு நாள் தவறாமல் இதே கதை. "உங்க ஊர்ல மட்டும் சூரியன் சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண்ணசருமோ?" என்று மேலதிகாரி போனில் கேட்டார். சோற்றுக்குப் பிறகு கண்ணசருவதில் எனக்கிருந்த பேரைக் கேள்விப்பட்டுத்தான் குத்துகிறார் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே, காற்றாலைகள் நிற்கும் பொட்டலில் ஒரு சூரிய மின்நிலையம் வருவதாக இருந்தது. அங்கே உண்டாகும் கரண்டை அரசாங்கத்தின் மின்கட்டமைப்பில் சேர்ப்பது திட்டம். அதற்கு முன்னால் அந்த இடத்தில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று ஒரு வருஷம் முழுக்க அளந்தாகவேண்டும். நெஞ்சுயரக் கம்பத்தின் தலையில், கவிழ்த்துவைத்த சின்னக் கண்ணாடிக் கிண்ணம்போல ஒரு மீட்டர் இருந்தது. அதுவே அளந்து, அதுவே தனக்குள் குறித்து வைத்துக்கொள்ளும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஆபீசிலிருந்து ஆள் வந்து அந்தக் கணக்கை எடுத்துப் போவார். கண்ணாடியில் படியும் தூசியைத் துடைத்துக்கொள்வது மட்டும்தான் அதனால் முடியாத காரியம். அதற்குத்தான் இஞ்சினியரிங் படித்த நான். கோட்டாற்றிலிருந்து தினமும் காலையில் பைக்கில் வந்து துடைத்துவிட்டுப் போவேன். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன ஜோலி என்று கேட்டார்கள். "வெயில் அளக்கான்" என்றார் என் மாமா. அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் எங்களைப் பலகாரம் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

நிலம் அண்ணாச்சியுடையது. எனக்கு உறவில்லை, எங்கள் பக்கம் மூத்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். வாலிபம் முழுவதையும் கல்ஃபில் கட்டட வேலையில் தொலைத்துவிட்டு வந்து, அந்தப் பொட்டலை வாங்கி ஓரத்தில் வீடு கட்டியவர். பால்காய்ச்சிக் குடியேறிய கொஞ்ச காலத்தில் மனைவி இறந்துபோய்விட்டார். மகள் கனடாவில். மின்நிலையத்துக்கு நிலம் கொடுக்க அவர் சம்மதித்ததற்கு ஒரே காரணம்தான். "கொஞ்சம் ஆளனக்கம் உண்டாவும்லா மக்கா" என்பார். ஆளனக்கம் என்றால் மனிதர்களின் நடமாட்டம், பேச்சு, யாரோ எங்கேயோ இருமுவது எல்லாம் சேர்ந்தது. வரப்போகிற இஞ்சினியர்களுக்காக பிளாஸ்டிக் நாற்காலிகளும் பெரிய பிளாஸ்க் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார். நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியபடியே இருந்தன. மேலே இருக்கும் ஒன்றை மட்டும் தினமும் உருவி எனக்குப் போடுவார். நான் உட்கார்ந்து எதையாவது உளறுவேன், அவர் சிரிப்பார். கண்ணாடியைத் துடைக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. சாயா குடித்து எழுந்திருக்கத்தான் நேரமாகும்.

வரைபடம் வந்த மறுநாள் உச்சிவெயிலில் சொல்லாமல் போய் நின்றேன். மீட்டருக்கு மேலே ஒரு பெரிய கறுப்புக் குடை விரிந்திருந்தது. அந்தக் காற்றில் குடை நிற்பதே அதிசயம். நாலு பக்கமும் கயிறு கட்டி, முளையடித்து, சாரம் கட்டுகிறவரின் நேர்த்தியோடு நிறுத்தியிருந்தார் அண்ணாச்சி. குனிந்து ஒரு கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுதிய அண்ணாச்சி?"

"வந்தியா மக்கா? இந்நேரம் வரமாட்டியே." முகத்தில் திருட்டுத்தனம் துளியும் இல்லை. "உச்சிக்கு இதுக்குக் கொஞ்சம் ரெஸ்டு குடுக்கேன். கல்ஃப்லயே கோடையில இந்த நேரம் ஆளு வெயில்ல நிக்கப்பிடாதுன்னு சட்டம் உண்டு, கேட்டியா?"

"அப்போ நீங்களும் நெழல்லதான் இருந்திய?"

"அந்தச் சட்டம் வரும்போ நான் ஊருக்கு வந்தாச்சு."

சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். "இது வெயில்ல நிக்கதுக்குன்னே செஞ்ச சாதனம் அண்ணாச்சி."

"எங்களயும் அப்படித்தான் சொன்னானுவ."

இங்கே வெயில் இல்லை என்று ஆபீஸ் நினைத்துவிட்டால் மின்நிலையம் வேறு ஜில்லாவுக்குப் போய்விடும் என்று விளக்கினேன். அவர் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. "அப்போ ஆளு வரமாட்டாவளா?" என்றார். அதுவரை நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்ததை அன்றைக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. கட்டி முடிக்கும்வரைதான் கூட்டம். அப்புறம் வாசலில் ஒரு வாச்மேன். எப்போதாவது பேனல்களின் கண்ணாடியைக் கழுவ நாலு பேர். அண்ணாச்சி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக் குடையை மடக்கினார். "செரி. நாலு பேருக்குக் கரண்டாவது கிட்டட்டு" என்றார்.

நடந்ததை ஆபீசுக்குச் சொன்னேன். மேலதிகாரி முதலில் நம்பவில்லை. நம்பியபிறகு சிரிப்பை நிறுத்தவில்லை. முடிவில், முதலிலிருந்து இன்னொரு வருஷம் அளக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"இன்னும் ஒரு வருஷமா? பாவம், ஒனக்கில்லா அலச்சல்" என்றபடி உள்ளே திரும்பினார். அன்றைய சாயாவில் சீனி ஏகத்துக்கு இருந்தது.

அந்த இரண்டாம் வருஷத்தில் ஒருமுறை, எதற்கும் பார்த்துவிடலாம் என்று மறுபடியும் உச்சிநேரத்தில் போனேன். குடை இல்லை. அண்ணாச்சி மீட்டருக்குப் பக்கத்தில், தலையில் ஒரு தோர்த்துத் துண்டுகூட இல்லாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். தன் நிழல் கண்ணாடிமேல் விழாதபடி கொஞ்சம் தள்ளி, கவனமாக. என்னைப் பார்த்ததும் லேசாகக் கூச்சப்பட்டார். "ஒண்ணும் தொடல மக்கா. தனியாட்டு நிக்குதுல்லா, அதான்" என்றார்.

வருஷம் முடிந்து மீட்டரைக் கழற்றி எடுத்துவந்தோம். வெயில் தாராளமாக இருப்பதாக அறிக்கை போனது. மின்கட்டமைப்பில் சேர்க்கும் அனுமதி வராததால் அந்த மின்நிலையம் இன்னும் திட்டமாகவே இருக்கிறது. என்னை ராமநாதபுரம் பக்கத்தில், கட்டி முடித்த ஒரு மின்நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை வாய்திறந்து பேச ஆளில்லை. சிரிப்பதற்கு ஆளில்லாத இடத்தில் என் உளறலுக்கும் வேலையில்லை.

போன வாரம் மத்தியானம் அண்ணாச்சி போன் செய்தார். திட்டம் என்னவாயிற்று என்று கேட்பார் என நினைத்தேன்.

"அங்க எல்லாம் கூட்டமாட்டுத்தான நிக்குது?" என்றார். பேனல்களைப் பற்றிக் கேட்கிறார்.

"ஆமா அண்ணாச்சி. கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும்."

"செரி. நீயி?"

வழக்கம்போல ஒரு நக்கல் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் நாங்கள் இருவரும் போனை வைக்கவில்லை.