கோச்சியும் சிலிப்பர்க் கட்டையும்

டீசல் புகையும் மழையில் ஊறிய மரமும் கலந்த ஒரு மணம், ஊரை விட்டு வெளிநாடு வந்து, கிளென் ஈடன் ஸ்டேஷனுக்குப் பின்னால் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினி அடுப்பு வரைக்கும் வரும். உடுப்பிலெல்லாம் ஏறிவிடுகிறது என்று பக்கத்து வீட்டார் முறையிட, அப்பா மட்டும் "கோச்சி மணம்" என்று நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்வார். யாழ்ப்பாணத்தில் ரயிலுக்குக் கோச்சி என்றுதான் பேர். கோச்சியேறிக் கொழும்புக்குப் போய்ப் படித்து ஆளானவர் அவர். ரயிலைப் பற்றி ஒரு குறை சொன்னால், சொந்தக்காரரைச் சொன்னதுபோல் முகம் சுருங்கிவிடும். அந்தப் பைத்தியம் எனக்கும் தொற்றியிருந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, அமெரிக்காவின் மேற்குப் பக்கம் ரயில் போனதால் விளைந்த நன்மை தீமைகளைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் எடுத்துப் பேசவேண்டும் என்று ஆசிரியை சொன்னார். இந்த நாட்டுக்கு வந்து வருடங்களாகியும் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை நான். இந்த முறையும் ஊமையாய் நின்றால், இங்கிலீஷ் போதாதவர்களுக்கான தனி வகுப்புக்கு அனுப்பிவிடுவோம் என்று வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. போனால் என் ஒரே சிநேகிதியை விட்டுப் பிரியவேண்டி வரும். போதாததற்கு எனக்கு விழுந்தது தீமைப் பக்கம்.

முடிவே தெரியாத புல்வெளியில் தண்டவாளம் போட்டுக்கொண்டு போன அந்தத் துணிச்சலைப் படிக்கப் படிக்க எனக்கு மலைப்பாக இருந்தது. மாதக்கணக்கில் மாட்டு வண்டியில் போனவர்கள் ஒரு கிழமையில், ஏழே நாளில், போய்ச் சேர்ந்தார்கள், கோதுமை சந்தைக்கு வந்தது, வெறும் தரையில் ஊர்கள் எழும்பின. பிறகுதான் மற்றப் பக்கம் வந்தது: ரயில் ஜன்னலில் இருந்தபடியே விளையாட்டுக்குச் சுடப்பட்ட காட்டெருமைகள், அவற்றை நம்பி வாழ்ந்த பழங்குடிகளிடமிருந்து பறிபோன நிலம், மலையைக் குடையப் போய்ச் செத்த சீனத் தொழிலாளர்கள். நான் எழுதுவதை எட்டிப் பார்த்த அப்பா, "கோச்சியிலை என்ன பிழை? சுட்டவனிலைதான் பிழை" என்று சண்டைக்கு வந்தார்.

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா திரும்பினார்.

"கோச்சி ஓடினபடியாலை உன்ரை கொப்பர் படிச்சவர். அது நிண்டபடியாலை நீயும் நானும் உயிரோடை இருக்கிறம்."

யாழ்ப்பாணத்தில் போர் வந்து ரயில் நின்றுபோக, தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த "சிலிப்பர்க் கட்டை"களைச் சனம் கழற்றிவந்து, குண்டுக்கு ஒளிக்க வெட்டிய பங்கர்களுக்குக் கூரை போட்டதாம். எங்கள் வீட்டு வளவுப் பங்கருக்கும் அதுதான் கூரை. "ஷெல் விழேக்கை உன்னை மடியிலை வச்சுக்கொண்டு அந்தக் கட்டையைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார் அம்மா. அப்பா அந்த நாட்களில் கொழும்பில் அகப்பட்டிருந்தவர். இத்தனை வருடமும் இதைச் சுமந்துகொண்டு எங்களுக்குச் சோறு காய்ச்சிய அம்மாவை அன்றைக்கு நான் வியந்துபோய்ப் பார்த்தேன்.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று வாசித்தேன். தொழிலாளர்கள் தண்டவாளத்துக்கு அடியில் "சிலிப்பர்" அடுக்கினார்கள் என்றதும் வகுப்பே சிரித்தது. எங்கள் வீட்டில் காலில் போடுவதும் சிலிப்பர், தண்டவாளத்தைத் தாங்குவதும் சிலிப்பர். இங்கிலீஷில் கட்டை "ஸ்லீப்பர்", செருப்புத்தான் "சிலிப்பர்" என்று எனக்கு யார் சொன்னார்கள்? செருப்பை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று பிடிபட்டபோது எனக்கு வந்தது கோபம். தாளை வைத்துவிட்டு, அந்தக் கட்டை எவ்வளவு பாரம், சனம் அதை எதற்குத் தூக்கியது, அதற்குக் கீழே யார் இருந்தது, எல்லாவற்றையும் தெரிந்த இங்கிலீஷில் கொட்டினேன். "அப்படியானால் அது நன்மையா, தீமையா?" என்று ஆசிரியை மெல்லக் கேட்டார். தெரியாது என்றேன். தனி வகுப்பு என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

இன்றைக்குக் கிளென் ஈடனில் மின்சார ரயில் சத்தமில்லாமல் வந்து போகிறது. அப்பாவும் காலமாகிவிட்டார். ரயிலைக் கண்டால் எனக்கு இன்னும் சந்தோஷம்தான். போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போகப் புறப்பட்டபோது, அவர் பிளாட்பார விளிம்புக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். மரக்கட்டைகள் கிடந்த இடத்தில் வரிசையாகக் கொங்கிறீட் கட்டைகள்.

"வடிவாத்தான் போட்டிருக்கிறாங்கள்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆனா சரியான பாரமாயிருக்கும், பிள்ளை. அவசரத்துக்கு இதை ஆர் தூக்கிறது?" என்று கேட்டார்.