நடுவில் போட்ட போர்

எங்கள் திருவாதவூர் வயலில் தண்ணீருக்குப் போர் போட இடம் பார்த்தது நான்தான். நிலத்தடி நீர் பற்றிப் படித்துவிட்டு, காளவாசல் பக்கம் ஓர் அலுவலகத்தில் அதே வேலையில் இருக்கிறேன். ஊரார் வயலில் எல்லாம் மீட்டர் வைத்து நீரோட்டம் பார்த்த எனக்குச் சொந்த வயல் என்றதும் கை பரபரத்தது. மேற்கு வரப்போரம் ஒரு குச்சியை நட்டேன்.

"தண்ணி இருக்கா?" என்றார் அப்பா.

"இருக்க வாய்ப்பு அதிகம்ப்பா."

அவர் முகம் சுண்டிப்போனது. மறுநாளே தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்துவிட்டார். கிழக்கு மூலையில், அவர் உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்றது.

"நூறு சதம் இருக்கு" என்றார் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிணறு வற்றி, நெல் கருகிக்கொண்டிருந்த நேரம். மகளையும் விட முடியாது, பெரிய மனுசரையும் பகைக்க முடியாது. அப்பா இரண்டு இடத்துக்கும் கயிறு பிடித்து அளந்து, சரிபாதியில் ஒரு கல்லை வைத்தார். "ரெண்டு பேருக்கும் பொதுவா நடுவுல போட்ருவோம்." தண்ணீர் என்ன, பங்காளிச் சொத்தா, பாதிப் பாதி பிரிக்க?

போர் வண்டி காலையிலிருந்து மதியம் வரை வெறும் புழுதியைக் கக்கியது. தலையெல்லாம் வெள்ளையாக அப்பா நின்ற நிலையைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு குழிக்குத்தான் அவரால் பணம் கட்ட முடியும்.

என்னிடம் வந்தார். "இம்புட்டுப் படிச்சிருக்கேல்ல? இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை சொல்லு."

எந்த மீட்டரும் அப்படிச் சொல்லாது. எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் வாயில் வந்துவிட்டது: "இருக்கு! நூறு சதம் இருக்கு!"

வண்டி மேற்கு வரப்புக்கு நகர்ந்தது. சாயங்காலம் புழுதி ஈரமானது, சேறானது, சட்டென்று தென்னை உயரத்துக்குத் தண்ணீர் பீச்சியடித்தது! செருப்பைக் கழற்றி வீசிவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினேன். சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு அப்பா கத்தினார்: "எம் மக சொன்னா நூறு சதம்டா!"

தேங்காய்ப் பெரியவரும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றிருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் உள்ளுக்குள்ள 'தண்ணி இருக்கலாம்'னுதான் தோணும் தாயி. வெளிய அப்பிடிச் சொன்னா எவன் கேக்குறான்?"