ஃபிரிட்ஜ் அக்காவின் கிராஷ் கார்டு

தையல்காரருக்கு சைக்கிள்கூட நேராக ஓட்ட வராது. அவர் மனைவி ஓட்டுவதோ மலைப்பாதைக்கென்றே செய்த நெட்டையான மோட்டார் சைக்கிள். ஏறி உட்கார்ந்தால் அவருக்கு நுனிக்கால்தான் தரையில் படும். "உங்க வீட்டுல எல்லாமே தலைகீழா இருக்கே" என்று துணி கொடுக்க வருகிறவர்கள் சீண்டுவார்கள். "சட்டையைக்கூட உள்பக்கத்தை வெளிய திருப்பித்தான் தைக்கிறேன். போட்டுப் பாருங்க, சரியா இருக்கும்" என்பார் தையல்காரர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மலைமேல் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன மருத்துவ நிலையங்களில் தடுப்பூசி மருந்துக்கென்று குளிர்பெட்டிகள் உண்டு. அவற்றைப் பழுது பார்ப்பதுதான் மனைவியின் வேலை. பெட்டி நின்றால் மருந்து கெடும். கெட்ட மருந்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குழந்தைக்கு ஊசி போட்டதாகக் கணக்கு இருக்கும், காப்பு இருக்காது. அதனால் எந்த நிலையத்திலிருந்து அழைப்பு வந்தாலும் கருவிப் பையை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மலை முழுக்க அவருக்குப் பெயர் ஃபிரிட்ஜ் அக்கா.

போன மழையில் அக்கா வழுக்கி விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியின் எஞ்சின் மூடி மட்டும் பாறையில் மோதிப் பிளந்து, எண்ணெய் முழுக்க சேற்றில் கலந்துவிட்டது. அலுவலகத்தைக் கூப்பிட்டு, ஜீப் வந்து ஏற்றிப் போகும்படி ஆயிற்று.

செய்தி கேட்டதும் அக்காவின் அண்ணன் ஓடி வந்தார். "உன் வண்டி நம்பரைக் கூட்டிப் பாரு. வெளங்காத நம்பர். முதல்ல அதை மாத்து."

"நம்பர் பலகை பின்னாடி இருக்கு அண்ணா. பாறை முன்னாடி இருந்துது. அது எப்படிப் படிச்சிருக்கும்?"

அண்ணனையாவது சிரித்து அனுப்பிவிடலாம். மேலதிகாரியை அப்படி அனுப்ப முடியாது. இன்னொரு முறை ஜீப் கேட்டால் மலைப்பணி வேறொருவருக்குப் போகும், அக்காவுக்கு அலுவலக மேசை என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு முன்னால் அந்தப் பாதையில் போன ஆண்கள் விழாதவர்களா? ஒருவர் பள்ளத்தில் வண்டியையே விட்டுவிட்டு நடந்து வந்தார். அப்போதெல்லாம் 'பாதை மோசம்' என்றார்கள். அக்கா விழுந்ததும் 'பெண்ணுக்கு ஒத்துவராத வேலை' என்கிறார்கள். அதே பாறை, அதே சேறு. விழுந்த ஆள் மாறியதும் குற்றவாளி மட்டும் மாறிவிட்டது.

"மேசை வேலைன்னா நல்லதுதானே" என்று தையல்காரர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. மனதுக்குள் நினைக்காமலும் இல்லை. அந்த நினைப்பு தந்த வெட்கத்தில்தான், அக்கா கிராஷ் கார்டு வாங்கப் போனபோது தானும் வருவதாகக் கிளம்பினார்.

எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் வளைத்து மாட்டும் இரும்புக் குழாய்தான் கிராஷ் கார்டு. வண்டி சாய்ந்தால் அதுதான் முதலில் தரையைத் தொடும். கடை முழுக்க அவை மான்கொம்பு மாதிரி தொங்கின. கடைக்காரர் நேரே தையல்காரரிடம் வந்தார்.

"சார், வண்டி எவ்வளவு சி.சி.?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரே சைஸ் இடுப்பளவுதான். வண்டி அவங்களோடது."

கடைக்காரர் அரைமனதாக அக்கா பக்கம் திரும்பினார். பளபளவென்று மின்னும் பெரிய கூண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். எஞ்சினிலிருந்து பெட்ரோல் டேங்க் வரை வண்டியை மூடிக்கொள்ளும் கூண்டு. பார்த்ததும் தையல்காரரின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"இதையே எடுத்துடு" என்றார். "இதுக்குள்ள நீயும் பத்திரமா இருப்ப."

"நான் வண்டிக்கு வெளியதான் உக்காருவேன்பா" என்ற அக்கா கடைக்காரரிடம் திரும்பினார். "மாட்டுங்க. சாய்ச்சுப் பாக்கணும்."

"எதைம்மா சாய்க்கணும்?"

"வண்டியை."

"புதுசும்மா. கீறல் விழுந்துடும்."

"கீறல் விழத்தானே வாங்குறோம்?"

கடையின் பின்புற முற்றத்தில், பழைய டயர்கள் கிடந்த மண்தரையில், அக்கா தன் வண்டியைத் தானே படுக்க வைத்தார். அதற்கு முதுகைக் காட்டிக் குந்தினார். ஒரு கை ஹேண்டில்பார் நுனியில், மறு கை பின்னால் இருந்த கம்பியில். இருக்கையில் இடுப்பை முட்டுக் கொடுத்து, கால்களால் பின்னோக்கி எட்டு வைத்தார். வண்டி எழுந்தது. மறுபடி சாய்த்தார், மறுபடி எழுப்பினார். அடுத்த தடவை கூண்டின் கனம் கீழே இழுக்க, வண்டி பாதியில் நின்று திரும்பப் படுத்துக்கொண்டது.

தையல்காரர் தூக்கிவிட ஓடினார். "கை வைக்காத" என்றார் அக்கா மூச்சு வாங்க. "மலையில நீ இருக்க மாட்ட."

"ரெண்டு தடவை தூக்கிட்டீங்களே, போதாதா?" என்றார் கடைக்காரர்.

"ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் வழுக்கணும்னு சேத்துக்குத் தெரியாதுங்க."

தையல்காரர் வண்டியருகே குந்தினார். அப்போதுதான் அது அவர் கண்ணில் பட்டது. அத்தனை பெரிய கூண்டும் எஞ்சினில் இருந்த சின்ன போல்ட்டுகளை நம்பித்தான் நின்றது. கனமான பையை மெல்லிய லைனிங் துணியில் தைத்தால், பை கிழியாது, லைனிங்தான் கிழியும். அடியை வாங்கி எஞ்சினுக்கே கொடுக்கிற காவல். என் பயத்தை இரும்பாக்கி அவள் வண்டியில் ஏற்றப் பார்த்தேனே என்று அவருக்கு உறைத்தது. சுமக்கப் போவது அவள்.

"இது வேணாம்" என்றார். "தையல் தப்பான துணியில விழுந்திருக்கு."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

கடைசியில் எடுத்தது மூலையில் கிடந்த கறுப்புக் கம்பி. தாழ்வானது, இலேசானது, வண்டியின் ஃபிரேமோடு பல இடத்தில் பூட்டுவது. சாய்த்தால் மண்ணுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கால் நுழைய இடம் விட்டது. அதை மாட்டிக்கொண்டு, போதும் என்று கடைக்காரர் கெஞ்சும்வரை சாய்த்துச் சாய்த்து எழுப்பினார் அக்கா. "பாக்குறதுக்கு ஒண்ணும் எடுப்பா இல்லையேம்மா" என்றார் கடைக்காரர்.

"பாக்கப் போறது பாறைதானே. அதுக்கு என்ன எடுப்பு?"

அடுத்த மழையும் வந்தது. ஒரு நாள் மாலை அக்கா வந்து முழங்கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தையல்காரர் வண்டியைத் துடைத்தார். இடது கம்பியில் கடையில் விழாத கீறல் ஒன்று, நீளமாக, உள்ளிரும்பு தெரியும்படி இருந்தது. எஞ்சின் மூடியில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

"விழுந்தியா?"

"வளைவுல. எழுப்பிட்டு மேல போனேன். பெட்டி ஓடுது, மருந்து கெடல."

"ஆபீஸுக்குத் தெரியுமா?"

"நானேதான் போன் பண்ணிச் சொன்னேன். நான் ஒளிச்சா, நாளைக்கு விழுற இன்னொரு பொண்ணும் ஒளிக்கணும். ஜீப் அனுப்பவான்னு அதிகாரி கேட்டார். எதுக்குன்னு கேட்டேன். போனை வச்சுட்டார்."

மேசை காலியாகவே கிடந்தது. மலைப்பணி அக்காவிடமே இருந்தது.

"கீறலுக்குப் பெயிண்ட் அடிக்கட்டுமா?" என்று கேட்டார் தையல்காரர்.

"துரு ஏறாம அடி. மறைக்கிறதுக்காக அடிக்காத."

அவர் தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெயை எடுத்து வந்து, துணித்துண்டில் நனைத்து, அந்தக் கீறல்மேல் மெதுவாகத் தடவினார்.